கண்காணிப்புப் பிம்பமும் காணொளிக் கலையும்: பதிவைப் பெறும் வழி குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

கண்காணிப்புக் கேமராவின் பிம்பங்களைக் கொண்டு ஆக்கப்பட்ட காணொளிப் படைப்புகள் 1960களின் இறுதியிலிருந்து ஒரு மரபாக வளர்ந்து வந்துள்ளன. இம்மரபைப் பார்வை, அதிகாரம் ஆகிய கருத்தாக்கங்களின் வழி விளக்குவதே வழக்கம். இக்கட்டுரை, படைப்பாளிக்கு அப்பதிவு எவ்வழியில் கிடைத்தது என்னும் வினாவை முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. புரூஸ் நௌமன், மிகாயெல் கிளியர், ஹாரூன் ஃபரோக்கி, ஜில் மகித், மனு லுக்ஷ், ஷூ பிங் ஆகியோரின் படைப்புகள் கால வரிசையில் ஆராயப்படுகின்றன. பதிவைப் பெறும் வழி மாறுந்தோறும் படைப்பின் வடிவமும் மாறியுள்ளது என்பதும், அவ்வழி கலைக்கு மட்டுமன்றிக் குடிமக்களின் நீதிக்கும் இன்றியமையாதது என்பதும் இதன்வழி நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்

கண்காணிப்புப் பிம்பம், காணொளிக் கலை, மூடிய சுற்றுத் தொலைக்காட்சி, தரவுப் பாதுகாப்பு, சான்று, பெறும் உரிமை.

முன்னுரை

‘கண்காணி’ என்னும் தமிழ்ச்சொல் நெடிய வரலாறு உடையது. கோயில் காரியங்களை மேற்பார்வையிட்டோரைச் சோழர்காலக் கல்வெட்டுகள் இச்சொல்லால் சுட்டுகின்றன. திருமந்திரத்தில் எங்கும் நிறைந்து அனைத்தையும் காணும் இறைவனே கண்காணியாகக் கூறப்படுகிறான். இலங்கை, மலேயாத் தோட்டங்களில் தொழிலாளரைத் திரட்டி வேலை வாங்கியவர் ‘கங்காணி’ எனப்பட்டார். இம்மூன்று வழக்குகளிலும் கண்காணி என்பவன் பார்ப்பவன்; பார்த்ததை நினைவில் வைத்திருப்பவன்; கேட்டால் சொல்லக்கூடியவன். அண்மையில் சென்னைக் காவல்துறை கேமராக்களை ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் மக்களிடையே பரப்பியபோது, கண்காணி என்னும் ஆளின் இடத்தைக் கண் என்னும் உறுப்பு மட்டும் பிடித்துக்கொண்டது. இயந்திரக் கண் பார்க்கிறது. ஆனால் அது பார்த்ததை யாரிடம் கேட்பது, கேட்டால் கிடைக்குமா என்பவை அச்சொல்லுக்குள் அடங்கவில்லை.

ஜெரமி பெந்தாம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்த வட்டச் சிறைத் திட்டத்தையும், அதனை 1975இல் மிஷெல் ஃபூக்கோ ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் உருவகமாக விளக்கியதையும் தொடக்கமாகக் கொண்டே கண்காணிப்பு குறித்த உரையாடல்கள் பெரிதும் அமைகின்றன. பெந்தாமின் சிறையில் பார்வை உண்டு, பதிவு இல்லை. கேமராவின் தனித்தன்மையோ பதிவில்தான் உள்ளது. பதிவு என்பது ஒரு பொருள். அதற்கு உரிமையாளர் உண்டு, இருப்பிடம் உண்டு, அழியும் நாளும் உண்டு. ஆகவே பார்வை பற்றிய கோட்பாடு மட்டும் கண்காணிப்புப் பிம்பத்தை விளக்கப் போதாது.

1. நேரலையிலிருந்து நாடாவுக்கு

மூடிய சுற்றுத் தொலைக்காட்சியின் தொடக்ககாலப் பயன்பாடுகளுள் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது, 1942இல் ஜெர்மனியின் பேனமுண்டேயில் வி-2 ஏவுகணைச் சோதனையின்போது அமைக்கப்பட்டதாகும். பிற்காலத்தில் பால் வண்ணத் தொலைக்காட்சி முறையை உருவாக்கிய வால்டர் புரூக் அவ்வமைப்பில் பணியாற்றிய பொறியாளர். ஏவுதளத்தின் அருகில் மனிதர் நிற்க இயலாது என்பதே அங்குக் கேமரா வைக்கப்பட்டதற்குக் காரணம். அக்கேமரா எதனையும் சேமிக்கவில்லை. தொலைவில் இருந்த கண்ணுக்குக் காட்சியைக் கடத்தியதோடு அதன் பணி முடிந்தது.

1956இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் காணொளி நாடாப் பதிவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விலையும் பருமனும் பெரிய தொலைக்காட்சி நிலையங்களுக்கே ஏற்றவையாக இருந்தன. 1967இல் சோனியின் கையடக்கப் பதிவியான போர்ட்டாபேக் வெளிவந்தபின்னரே தனியொருவர் காணொளி எடுப்பது இயல்வதாயிற்று. 1970களில் வந்த நாடாப் பேழைகள் கடைகளுக்கும் வங்கிகளுக்கும் பதிவு வசதியைக் கொண்டு சேர்த்தன. நாளுக்கு ஒரு பேழை எனப் பதிந்து, மாதம் முடிந்ததும் அதே பேழையின்மேல் மீண்டும் பதியும் வழக்கம் ஏற்பட்டது. பிரிட்டனில் பரவலாக இருந்த 31 நாள் சேமிப்பு முறை இவ்வழக்கத்தோடு பொருந்துவது.

இத்தொழில்நுட்ப வரலாற்றிலிருந்து கண்காணிப்புப் பிம்பத்தின் மூன்று இயல்புகளை வரையறுக்கலாம். முதலாவது, அது எந்தப் பார்வையாளரையும் கருதி எடுக்கப்படுவதன்று. ஏதேனும் நிகழ்ந்தாலொழிய எவரும் அதனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டாவது, அழிதல் அதன் இயல்பு, காத்தலே விதிவிலக்கு. மூன்றாவது, பிம்பத்தில் உள்ளவர் ஒருவர், பிம்பத்தை உடையவர் வேறொருவர். இம்மூன்றையும் எதிர்கொள்ளாமல் எந்தக் கலைஞரும் கண்காணிப்புப் பதிவைக் கொண்டு ஒரு படைப்பை ஆக்க இயலாது.

2. கலைஞரின் சொந்தச் சுற்று

முதல் தலைமுறைக் கலைஞர்கள் இச்சிக்கலை வேறு வகையில் கடந்தனர். கேமராவையும் திரையையும் தாமே நிறுவினர். அமெரிக்கக் கலைஞர் புரூஸ் நௌமன் 1969–70இல் உருவாக்கிய பொது அறை, தனி அறை என்னும் கண்காணிப்புப் படைப்பில் இரண்டு அறைகள் உள்ளன. ஒன்றில் பார்வையாளர் நுழையலாம், மற்றொன்று மூடப்பட்டது. ஒவ்வோர் அறையிலும் ஒரு கேமராவும் ஒரு திரையும் வைக்கப்பட்டு, ஓர் அறையின் காட்சி மற்ற அறையின் திரையில் தெரியுமாறு அமைக்கப்பட்டுள்ளது. பொது அறையில் நிற்பவர் தம் பிம்பத்தை நேரே காண்பதில்லை. மூடிய அறையின் காட்சிக்குள் அங்குள்ள திரை தோன்றும்போதே, அதற்குள் ஒரு சிறு பிம்பமாகத் தம்மைக் காண்கிறார். தம் பிம்பம் தாம் நுழைய முடியாத ஓர் அறையில் இருக்கிறது என்னும் உணர்வே இப்படைப்பு தரும் அனுபவமாகும்.

1970இல் அவர் அமைத்த குறுகிய நடைவழியின் கோடியில் இரு திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்டன. ஒன்றில் முன்னரே பதிவுசெய்யப்பட்ட வெற்று நடைவழி தெரியும். மற்றொன்றில் நுழைவாயிலின் மேலுள்ள கேமராவின் நேரடிக் காட்சி தெரியும். திரையை நோக்கி நடக்க நடக்க, பார்வையாளரின் முதுகு திரைக்குள் சிறுத்துக்கொண்டே போகும். அருகில் செல்பவர் தம்மைவிட்டே விலகிச் செல்கிறார்.

நௌமன் கேமராவையும் அதன் சுற்றையும் தாமே வடிவமைத்ததால், எவரிடமும் எதனையும் கேட்டுப் பெறவேண்டிய தேவை அவருக்கு எழவில்லை. ஆகவே அவரது படைப்புகள் கண்காணிக்கப்படும் உணர்வைத் துல்லியமாகப் பிடிக்கின்றன. கண்காணிப்பு நிறுவனத்தின் பதிவை அவை தொடுவதில்லை.

3. நிறுவனத்தின் நாடா

மிகாயெல் கிளியர் 1983இல் உருவாக்கிய ‘டேர் ரீஸே’ (பூதம்) முழுவதும் கண்காணிப்புப் பதிவுகளால் ஆன 82 நிமிடப் படம். விமான நிலையம், சாலைச் சந்திப்பு, கடைகள், வங்கி ஆகிய இடங்களின் கேமராப் பிம்பங்கள் மேலைச் செவ்வியல் இசையோடு தொகுக்கப்பட்டுள்ளன. கதைமாந்தரோ விளக்கவுரையோ இல்லை. இப்படத்தைப் பற்றி எழுதிய பால் விரிலியோ, கேமராவின் பின்னால் நின்ற மனிதனுக்கான பிரியாவிடையாக இதனைக் கருதினார்.

அக்கருத்து ஏற்கத்தக்கதே. எனினும் விலகியவர் ஒளிப்பதிவாளர் மட்டுமல்லர். இப்பதிவுகள் அவற்றை இயக்கிய நிறுவனங்களின் கையில் இருந்தவை. படத்தில் கடந்து செல்லும் மனிதர்களுக்கு, தாம் பதிவு செய்யப்பட்டதும் தெரியாது. தாம் ஒரு திரைப்படத்தில் இடம்பெற்றதும் தெரியாது. நகரம் நிறுவனத்தின் கண்ணால் பார்க்கப்படுகிறது; படமும் அக்கண்ணிலிருந்து வெளியேறுவதில்லை. அதன் அழகும் அச்சமும் ஒரே இடத்தில் பிறக்கின்றன.

ஹாரூன் ஃபரோக்கி (1944–2014) நிறுவனத்தின் பிம்பத்தை அதற்கு எதிராகவே திருப்பினார். இந்தியரான தந்தைக்குப் பிறந்து ஜெர்மனியில் பணியாற்றிய இவ்வாவணப்பட இயக்குநர், 2000ஆம் ஆண்டில் ‘கைதிகளைப் பார்ப்பதாக எண்ணினேன்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு காணொளியை ஆக்கினார். அதன் மையப் பகுதி கலிஃபோர்னியாவின் கார்க்கரன் உயர்பாதுகாப்புச் சிறையில் 1989இல் பதிவான காட்சியாகும். சிறை முற்றத்தில் இருவர் சண்டையிடுகின்றனர், காவலர் சுடுகிறார், ஒருவர் வீழ்ந்து இறக்கிறார். பதிவில் ஒலி இல்லை. வெடிமருந்தின் புகை காட்சியின் குறுக்கே நகர்வதைக் கொண்டே துப்பாக்கி சுட்டதை அறிகிறோம்.

கேமராவின் அருகிலேயே துப்பாக்கி இருந்தது என்பதனை ஃபரோக்கி சுட்டிக்காட்டுகிறார். பார்வை எட்டும் பரப்பும் குண்டு எட்டும் பரப்பும் ஒன்றாயின. இதே காணொளியில் கடைகளில் வாடிக்கையாளரின் நடையைப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் கணிக்கும் திரைகளையும் அவர் இணைத்துக் காட்டினார். பார்ப்பதற்காக அன்றி ஒரு செயலின் பகுதியாகவே இயங்கும் இத்தகைய பிம்பங்களை அவர் ‘செயற்பாட்டுப் பிம்பங்கள்’ என்று வகைப்படுத்தினார். அக்கருத்தாக்கம் பின்னர் ஊடக ஆய்வில் பரவலாக வழங்கலாயிற்று.

சிறைப் பதிவு ஃபரோக்கிக்குச் சிறை நிருவாகத்தின் வழியாகக் கிடைத்ததன்று. கைதிகளின் உரிமைக்காகப் பணியாற்றிய குழுவினர் வாயிலாகக் கிடைத்தது. சிறை தன் பாதுகாப்பிற்கென எடுத்த படம் சிறைக்கு எதிரான சான்றாயிற்று. படம் மாறவில்லை, அது இருந்த கை மாறியது. கிளியருக்கும் ஃபரோக்கிக்கும் இடையிலான வேறுபாடு நடையைப் பற்றியது மட்டுமன்று, வழியைப் பற்றியதும் ஆகும்.

4. சட்டம் திறந்த வழி

1990களில் பிரிட்டனின் நகர மையங்கள் அரசு நிதியுதவியுடன் விரைவாகக் கேமராக்களால் நிரம்பின. அதன் விளைவுகளுள் ஒன்றனை ‘பெக் எதிர் ஐக்கிய இராச்சியம்’ என்னும் வழக்கு காட்டுகிறது. 1995இல் பிரென்ட்வுட் நகரில், தற்கொலைக்கு முயன்ற நிலையில் கையில் கத்தியுடன் தெருவில் நின்ற ஒருவர் நகராட்சிக் கேமராவில் பதிவானார். கேமராவை இயக்கியவர் காவல்துறைக்குத் தெரிவித்ததால் அவருக்கு உதவி கிடைத்தது. பின்னர் அதே பதிவு, கேமராத் திட்டத்தின் வெற்றிக்குச் சான்றாகச் செய்தித்தாள்களுக்கும் தொலைக்காட்சிக்கும் அளிக்கப்பட்டது; அவரை அறிந்தவர்கள் அடையாளம் கண்டுகொண்டனர். அப்பதிவு வெளியிடப்பட்டது அவரது தனிவாழ்வுரிமையை மீறியது என 2003 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிரைக் காத்த கண்ணும் மானத்தை வெளியிட்ட கண்ணும் ஒன்றே என்பது இவ்வழக்கு உணர்த்தும் செய்தி.

பிரிட்டனின் 1998ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இச்சூழலில் ஒரு புதிய வழியைத் திறந்தது. அச்சட்டத்தின்படி, தம்மைப் பற்றிய தரவின் படியை எவரும் எழுத்து மூலம் கேட்க முடிந்தது. தரவை வைத்திருந்தவர் 40 நாள்களுக்குள் அளிக்கவேண்டியிருந்தது. 10 பவுண்டுக்கு மிகாமல் கட்டணம் பெற அது இடமளித்தது. கேமராப் பதிவும் தரவே என்பதால், பதிவில் தோன்றியவர் அதனைக் கேட்டுப் பெறும் உரிமை உடையவரானார்.

அமெரிக்கக் கலைஞர் ஜில் மகித் 2004இல் லிவர்பூலில் இவ்வழியைப் பயன்படுத்தினார். சிவப்பு மேலங்கி அணிந்து 31 நாள்கள் நகரில் நடமாடினார். பதிவுகளை வேண்டும் விண்ணப்பங்களைக் காதல் கடிதங்களைப் போல எழுதினார். பதிவு அறையில் அமர்ந்திருந்தவர் காதுக்கருவி வழியே வழிகாட்ட, கண்களை மூடிக்கொண்டு கூட்டத்தினூடே நடந்த காட்சி இப்படைப்பில் உள்ளது. இயந்திரக் கண்ணின் பின்னால் மறைந்துபோன கண்காணியை மீண்டும் ஒரு மனிதராக அவர் வெளியே அழைத்தார் எனலாம். படைப்பின் 31 நாள் அளவே கூட, பதிவு அழிக்கப்படும் காலவரையறையிலிருந்து எடுக்கப்பட்டதாகும்.

லண்டனில் வாழ்ந்த ஆஸ்திரியக் கலைஞர் மனு லுக்ஷ் இச்சட்டத்தையே திரைக்கதையின் இலக்கணமாக்கினார். 2002 முதல் 2007 வரை உருவான ‘ஃபேஸ்லெஸ்’ (முகமற்றோர்) 50 நிமிடப் படம். லுக்ஷ் கேமராக்களின் முன் நின்று நடித்தார். பின்னர் அவற்றின் உரிமையாளர்களுக்குச் சட்டப்படி கடிதம் எழுதினார். கிடைத்த பதிவுகளில் பிறருடைய தனியுரிமையைக் காக்கவேண்டி, உடன் தோன்றியோரின் முகங்கள் மறைக்கப்பட்டிருந்தன. அம்மறைப்பிலிருந்தே கதை பிறந்தது: இறந்தகாலமும் எதிர்காலமும் நீக்கப்பட்ட ஓர் உலகம், அங்கு எவருக்கும் முகம் இல்லை, ஒரு நாள் ஒரு பெண் முகத்தோடு விழித்தெழுகிறாள். நடிகை டில்டா ஸ்விண்டனின் குரல் இக்கதையைச் சொல்கிறது. கேமரா எதுவும் கொண்டுவரக்கூடாது, இருக்கும் கேமராக்களே போதும் என்னும் விதிகளைத் தொகுத்துக் கண்காணிப்புக் கேமராப் படைப்பாளிகளுக்கான ஓர் அறிக்கையையும் அவர் வெளியிட்டார்.

எழுதிய கடிதங்கள் அனைத்திற்கும் படம் கிடைக்கவில்லை. கேமரா இயங்கவில்லை என்றும், பதிவு அழிந்துவிட்டது என்றும் மறுமொழிகள் வந்தன. 2003 டிசம்பரில் டியூரண்ட் வழக்கில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ‘தனிநபர் தரவு’ என்பதன் பொருளைக் குறுக்கியது. ஒருவர் தற்செயலாகத் தோன்றும் பொதுக் காட்சி அவருடைய தரவு ஆகாது என்று மறுக்க அது இடமளித்தது. அதன்பின் பதிவுகளைப் பெறுவது கடினமாயிற்று. ஒரு திரைப்படத்தின் மூலப்பொருள் ஒரு நீதிமன்ற விளக்கத்தால் அரிதாகிப்போனது திரைப்பட வரலாற்றில் கருதத்தக்க நிகழ்வாகும்.

5. இணையத்தில் கிடைத்த முகங்கள்

சீனக் கலைஞர் ஷூ பிங் 2017இல் வெளியிட்ட ‘டிராகன்ஃபிளை ஐஸ்’ (தட்டானின் கண்கள்) 81 நிமிடக் கதைப்படம். நடிகரோ ஒளிப்பதிவாளரோ இதில் இல்லை. இணையத்தில் வெளிப்படையாக ஒளிபரப்பான கண்காணிப்புப் பதிவுகளிலிருந்து சுமார் 10,000 மணி நேரம் திரட்டித் தொகுக்கப்பட்டது. 2013இல் இம்முயற்சியைத் தொடங்கியபோது போதிய பதிவுகள் கிடைக்காமையால் கைவிட்ட அவர், கேமராக்கள் மேகக் கணிமையோடு இணைக்கப்பட்டு நேரலைகள் பெருகிய 2015இல் அதனை மீண்டும் தொடங்கினார்.

புத்த மடத்தை விட்டு நீங்கிய சிங் திங் என்னும் பெண்ணும் அவளைத் தேடும் கெ ஃபான் என்னும் இளைஞனும் கதைமாந்தர். நூற்றுக்கணக்கான அயலாரின் பிம்பங்களே இவ்விருவராக நிற்கவேண்டியிருந்ததால், முகம் காட்சிக்குக் காட்சி மாறுகிறது. கதை இதற்கு ஒரு காரணம் கற்பிக்கிறது: சிங் திங் முகமாற்று அறுவை செய்துகொண்டு இணையப் புகழ்பெற்ற வேறொருத்தியாகிறாள். இலண்டனில் சட்டம் முகங்களை மறைத்தது. அதனால் முகமற்ற உலகின் கதை பிறந்தது. சீனாவில் முகங்கள் கட்டுப்பாடின்றிக் கிடைத்தன. அதனால் முகம் மாறும் கதை பிறந்தது. பெறும் வழி வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்னும் இக்கட்டுரையின் கருதுகோளுக்கு இவ்விரு படங்களின் ஒப்பீடே வலுவான சான்றாகும்.

பதிவில் தோன்றியோரில் சிலரைப் படக்குழுவினர் தேடிச் சென்று இசைவு பெற்றனர். சட்டம் கேட்காத ஒன்றனைப் படைப்பாளியின் அறவுணர்வு கேட்டது. ஆயினும் அத்தகைய இசைவு படைப்பாளியின் விருப்பத்தைப் பொறுத்தது. பதிவில் உள்ளவரின் உரிமை ஆகாது.

6. இந்தியச் சூழல்: அழியும் பதிவும் கேட்கும் உரிமையும்

மேற்கண்ட வரலாறு கலைஞர்களைப் பற்றியது. ஆனால் பதிவு யாரிடம் உள்ளது, எத்தனை நாள் இருக்கும், யார் கேட்டால் கிடைக்கும் என்னும் வினாக்கள் தமிழகத்தில் உயிர்நீத்தவர்களைப் பற்றிய வினாக்களாகவே எழுந்துள்ளன. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளம் காவல்நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் சில நாள்களில் உயிரிழந்தனர். நிலையத்திற்குச் சென்று விசாரித்த நீதித்துறை நடுவர் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு அறிக்கை அளித்தார். வன்தட்டில் போதிய இடம் இருந்தும், ஒவ்வொரு நாளின் பதிவும் தானே அழியுமாறு அங்கு அமைப்பு செய்யப்பட்டிருந்ததை அவ்வறிக்கை வெளிப்படுத்தியது. நிலையத்தில் கேமராக்கள் இருந்தன. அந்த இரவின் பதிவு இல்லை. அதே நேரத்தில், கைது நடந்த கடைவீதியில் ஒரு தனியார் கேமராவின் பதிவு வெளிவந்து, முதல் தகவல் அறிக்கை கூறிய நிகழ்வுகளோடு முரண்பட்டது.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் நாட்டின் எல்லாக் காவல்நிலையங்களிலும் ஒலியும் காட்சியும் பதியும் கேமராக்களை நிறுவுமாறு ஆணையிட்டது. அத்தீர்ப்பின் சிறப்பு கேமரா நிறுவுவதோடு நில்லாமையில் உள்ளது. பதிவுகள் 18 மாதங்கள் காக்கப்படவேண்டும் என்றும், காவலில் கடுங்காயமோ மரணமோ நேர்ந்தால் மனித உரிமை ஆணையங்களும் நீதிமன்றங்களும் அப்பதிவை வரவழைக்கலாம் என்றும் அது வகுத்தது. கேமராவைப் பற்றிய ஆணை என்பதைவிட, காத்தலையும் கேட்டலையும் பற்றிய ஆணை என்பதே அதற்குப் பொருந்தும்.

தனிமனிதர் தாமே கேட்டுப் பெறும் உரிமை இன்னும் குறுகியதாகவே உள்ளது. 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் தனியுரிமை அடிப்படை உரிமையென நிறுவப்பட்டது. அதன் தொடர்ச்சியாக வந்த 2023ஆம் ஆண்டு மின்னணுவழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுக்கு உரியவர் தம் தரவின் சுருக்கத்தைக் கேட்க வகைசெய்கிறது. படியை வெளிப்படையாக உறுதிசெய்யவில்லை. அரசு தன் அமைப்புகளுக்கு அறிவிக்கை மூலம் விலக்களிக்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை படியைப் பெறும் உரிமையை வெளிப்படையாக வழங்குவதோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். ஒரு நிகழ்வின் காட்சிப் பதிவைப் பொறுத்தவரை, அதன் சுருக்கம் சான்றுக்கு ஈடாகாது.

முடிவுரை

நௌமன் தம் கேமராவைத் தாமே வைத்தார். அவர் தந்தது ஓர் உணர்வு. கிளியர் நிறுவனங்களின் நாடாக்களைக் கொண்டு முகவரியற்ற ஒரு நகரத்தைக் காட்டினார். ஃபரோக்கி உரிமைக்குழுவினர் வழியாகப் பெற்ற பதிவைச் சான்றாக்கினார். மகித், லுக்ஷ் ஆகியோர் சட்டத்தின்வழித் தம் பிம்பத்தைத் தாமே கேட்டுப் பெற்றனர். ஷூ பிங் கேட்காமலே கிடைத்த முகங்களைக் கொண்டு கதை கட்டினார். இவ்வைந்து நிலைகளிலும் பதிவைப் பெறும் வழியே படைப்பின் வடிவத்தை முடிவுசெய்திருப்பதைக் காணமுடிகிறது.

கேமராக்களின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு சமூகத்தின் பாதுகாப்பை அளப்பது இன்று வழக்கமாகியுள்ளது. சாத்தான்குளம் நிகழ்வு அவ்வளவுகோல் போதாமையை உணர்த்துகிறது. எத்தனை கண்கள் திறந்துள்ளன என்பதைவிட, அவை கண்டது எத்தனை நாள் காக்கப்படுகிறது, அதில் உள்ளவர் கேட்டால் கிடைக்கிறதா என்பனவே உரிய அளவுகோல்கள். பழைய கண்காணி கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர். அக்கடமை இயந்திரக் கண்ணை நிறுவுவோர்க்கும் உரியது. தமிழில் ஊடகவியல், சட்டம், கலை வரலாறு ஆகிய துறைகள் இணைந்து, காவல்நிலையங்களிலும் பொது இடங்களிலும் பதிவுகளைக் கேட்டோர் பெற்ற மறுமொழிகளைத் தொகுத்து ஆராய்வது இத்திசையில் செய்யவேண்டிய அடுத்த பணியாகும்.